வீடு தேடி வந்த குடும்பநல உத்தியோகத்தரின் சேவை

இலங்கையின் மலைநாடு என்றாலே குளிர் என்பவர்கள், சித்திரை மாத நண்பகலில் பசறைப் பக்கத்துத் தகரக் கூரை லயன் அறைக்குள் (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) அமர்ந்து பார்க்க வேண்டும். மகளின் பிரசவத்துக்குப் பின் முதல் 10 நாள்களுக்குள் இருமுறை வந்த குடும்பநல உத்தியோகத்தர் (அரச மருத்துவிச்சி), கம்பளித் தொப்பிக்குள் வியர்த்துக் கிடந்த குழந்தைக்கு மெல்லிய பருத்திச் சட்டையே போதும் என்றதோடு, 6 மாதம் வரை எந்த வெயிலிலும் தாய்ப்பாலே தாகம் தீர்க்கும், தண்ணீர் புகட்டக் கூடாது என்பதையும் பொறுமையாக விளக்கினார். பால் கொடுக்கும் தாய் தாராளமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அவர் சொன்னது, பத்தியம் என்று மகளுக்குத் தண்ணீரைக் குறைத்திருந்த எனக்குத்தான் (தவறு என்னுடையதே) அதிகம் உறைத்தது. மகளுக்குக் காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். கட்டணமில்லாத இச்சேவையில் நான் கண்ட ஒரே குறை, அவர் வரும் நேரம் முன்கூட்டியே தெரியாததுதான். அந்த ஏற்றத்தை நடந்தே ஏறுபவரிடம் அதைக் கேட்க மனம் வரவில்லை.