சப்டைட்டில் காட்டிக்கொடுத்த நாடகம்

போன சனிக்கிழமை சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஒரு சின்ன அரங்கில் பார்த்தது. டிக்கெட் 35 வெள்ளி. ஏர்கான் குளிர் தாங்காது, சால்வை எடுத்துப் போங்கள்.

கதை தெரிந்ததுதான். அம்மா போன பிறகு வீவக வீட்டை (அரசு கட்டிய அடுக்குமாடி வீடு) விற்பதா வேண்டாமா என்று அண்ணன் தம்பி சண்டை. இருபது நிமிஷம் ஆனதும் எனக்கு முன்வரிசையில் முறுக்கு கொறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் (ஆரம்பத்திலேயே ஊழியர் ஒருவர் வந்து சாப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்) எழுந்து, "தம்பி, நிறுத்துங்க. இது எங்க வீட்டுக் கதை. யாரைக் கேட்டு மேடையில போடுறீங்க?" என்றார். அரங்கமே கப்சிப். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பக்கத்தில் இருந்த சீன நண்பர் மட்டும் சிரித்தார், மேலே கையைக் காட்டினார். அக்கா பேசப்பேச அத்தனையும் ஆங்கிலத்தில் திரையில் ஓடிக்கொண்டிருந்தது! கடைசி வரி அவர் வாயைத் திறக்கும் முன்பே வந்துவிட்டது.

தமிழ் தெரியாதவர் முதலில் கண்டுபிடித்தார், தமிழ் தெரிந்த நான் ஏமாந்தேன். பிரேசில்காரர் அகஸ்டோ போவால் இது நாடகம் என்றே சொல்லாமல் பொது இடங்களில் நடத்திக் காட்டியவர், அவருக்கு இந்தத் திரைத் தொல்லை இல்லை. இங்கேயோ, பார்வையாளர் எழுந்து கதையை மாற்றும் ஃபோரம் நாடகத்துக்கு, ஸ்கிரிப்ட் இல்லை என்ற கவலையில், 1994 முதல் ஏறக்குறைய பத்து வருஷம் அரசு நிதியே கிடையாது. அதெல்லாம் முடிந்த கதை, இப்போது ஸ்கிரிப்ட் தலைக்கு மேலேயே தொங்குகிறது.

அப்புறம் நான் நடிகர்களைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன். அதனால்தான் அந்த அரை நிமிஷம் கிடைத்தது. அண்ணனாக நடித்தவர் பாதியில் நின்றுவிட்டார். திரையில் ஒரே வரி அப்படியே நிற்கிறது. தம்பி அவர் முகத்தையே பார்க்கிறார், பின்னாலிருந்து யாரோ "சொல்லுங்கண்ணே" என்கிறார்கள். மறந்தாரா, நடித்தாரா? மொத்த நாடகத்திலும் இதுதான் உச்சம். கடைசிப் பத்து நிமிஷம் தம்பி செய்யும் பிரசங்கத்தை வெட்டிவிடலாம்.

போகலாம். ஆனால் அக்கா வரும் காட்சிக்காவது அந்தத் திரையை அணைத்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

முடிந்ததும் வெளியே அக்காவைப் பார்த்து, முறுக்காவது நிஜமா என்று கேட்டேன். பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். நமத்துப் போயிருந்தது.