ஏற்றுவதா, இறக்குவதா: கச்சான் காலத்தில் இரண்டு புரொசெசர்கள்

திருகோணமலை உவர்மலையில் மச்சான் வீட்டு மேசையில் இரண்டு கணினிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று பழைய இன்டெல் ஐ5-2500கே. அதை அவன் ஓவர்குளொக் செய்து வேகம் ஏற்றி வைத்திருக்கிறான். மற்றது ஏஎம்டியின் ரைசன் 5 5600. அதில் நான் வோல்டேஜை இறக்கிவிட்டேன். கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு மத்தியானம், இரண்டிலும் ஒரே வீடியோவை என்கோட் செய்ய விட்டோம். பழசின் ஃபேன் போட்ட சத்தத்தில் மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கிரைண்டரா ஓடுது?" என்றார்.

ஏன் ஏற்றுகிறார்கள்? அந்த நாளில் காரணம் காசு. மதர்போர்டின் அடிப்படைத் துடிப்பான பஸ் வேகத்தை, பெருக்கி என்ற எண்ணால் பெருக்கினால் வருவதுதான் சிப்பின் வேகம். 1998இல் வந்த இன்டெல்லின் மலிவுச் சிப்பான செலரோன் 300ஏ-யின் பெருக்கி 4.5இல் பூட்டப்பட்டிருந்தது. ஆனால் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடும். பென்டியம் 2 வாங்கக் கட்டாதவர்களுக்கு அது லொத்தர் விழுந்த மாதிரி. எல்லாச் சிப்பும் பிழையில்லாமல் ஓடவேண்டும் என்று கம்பனி கொஞ்சம் இடம் விட்டுத்தான் வேகம் குறிக்கும். அந்த மிச்ச இடத்தைத்தான் இவர்கள் பிடித்தார்கள். 2011இல் வந்த 2500கே-யும் அப்படித்தான். பெட்டியில் 3.3 கிகாஹெர்ட்ஸ், பலருக்கு 4.5 வரை போனது.

இப்போதைய சிப்கள் அந்த மிச்சத்தைத் தாங்களே பூஸ்ட் செய்து, அதாவது தேவைப்படும்போது தானாக வேகம் ஏற்றி, எடுத்துவிடுகின்றன. இனிக் கையால் ஏற்றிக் கிடைப்பது சொற்பம். இன்டெல்லில் என்றால் கே எழுத்துள்ள சிப், இசட் வகை மதர்போர்ட், பெரிய கூலர் எல்லாம் வேண்டும். அந்தக் காசுக்கு ஒரு படி மேலான புரொசெசரே வாங்கலாம். வேகம் மட்டும்தான் தேவை என்றால் அதுதான் சரியான வழி, அதில் பேச ஒன்றுமில்லை. ஆனாலும் ஏற்றுகிறவர் ஏற்றுவார். புது மோட்டார் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கழற்றிப் பார்க்கிற குணம் அது.

திருகோணமலையில் சிக்கல் வெக்கைதான். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் சூடு ஏறக்குறைய 33 சதவீதம் கூடும். கூலர் ஊதுவதும் அறைக்குள் இருக்கிற அதே காற்றைத்தான். மறுபக்கம், வேகத்தைத் தொடாமல் 1.2 வோல்ட்டை 1.1 ஆக்கினாலே சூடு 16 சதவீதம் அளவில் குறையும். ரைசனில் இதற்குக் கேர்வ் ஒப்டிமைசர் என்ற அமைப்பு இருக்கிறது; அதில் மைனஸ் எண் பெருக்கப் பெருக்க வோல்டேஜ் இறங்கும். சூடு குறைந்த சிப் பூஸ்டையும் கூடுதல் நேரம் பிடித்து நிற்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் இறக்குவதிலும் ஒரு பொறி உண்டு. நான் ஆசைப்பட்டு ஒப்டிமைசரில் மைனஸ் 30 வைத்தேன். முழுச் சுமையில் ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்றது. அப்புறம் சும்மா கிடந்தபோது, நான் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆனது. வேலையே இல்லாத நேரத்தில்தான் வோல்டேஜ் ஆகக் கீழே போகும். மைனஸ் 20இல் வைத்த பிறகு தொல்லை இல்லை.

மச்சான் இன்னும் மசியவில்லை. ஆனால் அவனுடைய கேஸில் ஒட்டிய டேப்பில் பேனையால் எழுதியிருக்கிறது: "மார்கழி 4.5, ஆடி 4.2."