சார்ட்வெல்: சர்ச்சில் வீட்டில் ஒரு பகல்

31 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். சர்ச்சில் என்றாலே, 1931-இல் காந்தியை 'அரை நிர்வாணப் பக்கிரி' என்று இகழ்ந்தவர் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்குவேன். மகளைப் பார்க்க லண்டனில் உள்ள குரோய்டன் போனபோது, சர்ச்சில் வாழ்ந்த சார்ட்வெல் வீட்டைப் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

ஆக்ஸ்டெட் வரை ரயில், பிறகு டாக்சி. வீட்டுக்குள் போக நேரம் குறித்த டிக்கெட் தருகிறார்கள். நெரிசல் இல்லாமல் நின்று பார்க்க முடிந்தது. 1922-இல் 5,000 பவுண்டுக்கு அவர் வாங்கிய செங்கல் வீடு. பின்பக்கம் வந்தால் புல்வெளி சரிந்து இறங்குகிறது. கீழே குளங்கள், அப்பால் கென்ட் மாவட்டத்தின் காடும் வயலும். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடியோடு போவது நல்லது. காய்கறித் தோட்டத்து மதிலில் ஒரு பகுதி அவர் தம் கையால் கட்டியது. 1928-இல் கட்டடத் தொழிலாளர் சங்கத்திலும் சேர்ந்திருக்கிறார். ஓவியக்கூடத்தில் சுவர் கொள்ளாத அளவுக்கு அவர் தீட்டிய படங்கள்.

மாடியில் உள்ள படிப்பறையை விட்டு நகர எனக்கு மனமில்லை. 1930களில் மந்திரி பதவி இல்லாமல் இந்த வீட்டில் இருந்த காலத்தில்தான் ஹிட்லரைப் பற்றி ஓயாமல் எச்சரித்தார். இந்தியாவில் மாகாணங்களுக்குத் தன்னாட்சி தந்த 1935 சட்டத்தை மூர்க்கமாக எதிர்த்ததும் அதே காலத்தில்தான். அங்கிருந்த முதிய தன்னார்வலரிடம் வங்கப் பஞ்சத்தைப் பற்றிக் கேட்டேன். 1943-இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். தானியம் ஏற்றக் கப்பல் கேட்டபோது, அன்று பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சர்ச்சிலின் அமைச்சரவை போதிய அளவு தரவில்லை. அந்த அம்மையார் பேச்சை மாற்றவில்லை. என்னை ஓரமாக அழைத்துப் போய், தமக்குத் தெரிந்ததைச் சொன்னார், நான் சொன்னதையும் முழுக்கக் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், காலனி ஆட்சியோடு தொடர்புடைய தன் இடங்களைப் பற்றி 2020-இல் வெளியிட்ட அறிக்கையில் சார்ட்வெல்லையும் சேர்த்தது. அங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சேர்த்தது சரி என்பதே என் கருத்து. மதில் கட்டிய கையையும் பஞ்சத்தையும் ஒரே வீட்டில் வைத்துப் பேசத்தான் வேண்டும்.

குடும்பத்தாரின் விருப்பப்படி, வெள்ளைப் பாதங்கள் கொண்ட செம்மஞ்சள் பூனை ஒன்று எப்போதும் ஜாக் என்ற பெயரில் இங்கே வளர்கிறது. அன்று அது எங்கள் கண்ணில் படவில்லை. அடுத்த முறை பேரனோடு போகிறேன். படிப்பறையில் அவனே கேள்வி கேட்கட்டும்.