மூன்றரை அடி எரவாணம்: 15 வருட அனுபவம்

நாகர்கோவிலில் இருந்து தக்கலை போகும் வழியில் எங்கள் வீடு. 2010 தை மாதம் பால் காய்ச்சினோம். 30 அடிக்கு 36 அடி, செங்கல் சுவர், சரிவான ஓட்டுக் கூரை. சுவரைத் தாண்டிக் கூரை மூன்றரை அடி வெளியே நீண்டு நிற்கும்; இதைத்தான் எரவாணம் என்பது. மேற்கே மட்டும் ஆறடிக்குச் சாய்ப்பு, அதாவது சுவரையொட்டிச் சரிவாக இறக்கிய கூரை. கட்டும்போது, "இவ்வளவு நீட்டி என்ன செய்யப் போற? அந்தக் காசுக்கு இன்னொரு ரூம் போடலாமே" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. 15 வருடம் குடியிருந்துவிட்டேன். இப்போது பதில் சொல்லலாம்.

நான் நிழலுக்காகத்தான் நீட்டினேன். ஆனால் கிடைத்த பெரிய லாபம் வேறு. மழை பெய்யும்போது எங்கள் வீட்டில் சன்னலை அடைப்பதில்லை.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் நாள் முழுக்க நசநசவென்று சாரல். ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலமானால் இடியோடு கொட்டும். ஒன்றரை அடி சன்ஷேடு வைத்த வீட்டில் சாரல் தொடங்கியதுமே சன்னலைச் சாத்தியாக வேண்டும். சாத்தினால் உள்ளே புழுக்கம், ஈரத்துணி வாடை, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை. எங்கள் வீட்டில் மழைக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. பலத்த காற்றோடு மழை வந்தால் அந்தப் பக்கத்துச் சன்னலை மட்டும் சாத்துவோம். அது வருடத்தில் சில நாள்தான். மழை விட்டும் தூவானம் விடாத நாட்களில் அப்பா எரவாணத்துக்கு அடியில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். தெற்குப் பக்கம் நீளமாக ஒரு கொடி கட்டியிருக்கிறோம். ஆடி மாதத்திலும் துணி அங்கேயே காய்ந்துவிடும். வீட்டில் எல்லாரும் முதலில் சொல்வது இந்தக் கொடியைத்தான்.

சுவரைப் பற்றிச் சொல்ல என் அண்ணன் வீடுதான் சரியான ஒப்பீடு. அதே வருடம், அதே கொத்தனார் கட்டியது. மொட்டை மாடி, சன்னலுக்கு மேல் மட்டும் சன்ஷேடு. அவர் வெளிச்சுவருக்கு இதுவரை மூன்று தடவை பெயின்ட் அடித்துவிட்டார். கைப்பிடிச்சுவரிலிருந்து கறுப்புக் கறுப்பாகப் பாசி வழிந்த தடம் மறுபடியும் வந்துவிடுகிறது. நான் அடித்தது ஒரே தடவை, 2019-ல். அதுவும் தங்கையின் கல்யாணத்துக்காக. சன்னல் கட்டைகளும் அப்படித்தான். அவர் வீட்டு மேற்குச் சன்னலின் அடிச்சட்டம் உளுத்துப்போய் மாற்றினார்கள். எங்கள் வீட்டில் ஒரு கதவு கூட மழையில் ஊதி இறுகவில்லை.

அடுத்தது வெயில். நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 8 டிகிரி வடக்கே. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். தெற்குச் சுவரைப் பற்றி மட்டும் யோசிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த மாதங்களில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் இருப்பதால் மூன்றரை அடி கூரை வடக்குச் சுவர் முழுவதையும் மறைத்துவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சரிந்து, நண்பகலில் சுமார் 58 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது கூரை விளிம்புக்குக் கீழே ஐந்தரை அடிக்கு மேல் நிழல் விழும். எங்கள் விளிம்பு தரையிலிருந்து எட்டடி. ஆக, சுவரில் வெயில் படுவது அடியில் இரண்டேகால் அடிதான். சன்னல் மூன்றடியில் தொடங்குகிறது. வெயில் படாத செங்கல் சுவர் சூடு பிடிப்பதில்லை, அதனால் ராத்திரி அந்தச் சூட்டை அறைக்குள் விடுவதும் இல்லை. சித்திரையிலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் சுவரில் கை வைத்தால் குளுமையாக இருக்கும்.

மேற்கே மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது. சாயங்காலம் நாலரை மணிச் சூரியன் தாழ்வாக வந்து நேரே உள்ளே பாயும். ஆறடிச் சாய்ப்பு போட்டும் அது போதவில்லை. மூங்கில் தட்டி வாங்கித் தொங்கவிட்ட பிறகுதான் அந்த அறையில் உட்கார முடிந்தது. கூரையை நீட்டினால் எல்லாத் திசைக்கும் நிழல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, செலவு. சுவரளவு 1,080 சதுர அடிதான். ஆனால் மூன்றரை அடி சுற்றி நீட்டும்போது, மேற்குச் சாய்ப்பைச் சேர்க்காமலே, கூரை மூடும் பரப்பு 37-க்கு 43 என்று ஆகி 1,591 சதுர அடியாகிவிடுகிறது. கிட்டத்தட்ட பாதி கூடுதல். கைமரம் (கூரையின் சரிவு மரம்), பட்டியல் (அதன் மேல் ஓடு தாங்கும் குறுக்குச் சட்டம்), ஓடு எல்லாம் அதற்கேற்ப ஏறும். மனையும் பெரிதாக இருக்க வேண்டும். கூரைத் தண்ணீர் பக்கத்து மனையில் விழுந்தால் சண்டைதான். மூன்று சென்ட் மனையில் இதைச் செய்ய முடியாது.

சரிவையும் முன்பே யோசிக்க வேண்டும். 30 டிகிரி சரிவில் மூன்றரை அடி நீட்டினால் விளிம்பு இரண்டடி கீழே இறங்கிவிடும். முதலில் சுவரை ஒன்பதடிக்குத்தான் திட்டமிட்டிருந்தோம். ஆசாரிதான், "தம்பி, விளிம்பு ஏழடிக்கு வந்துரும். வெளிச்சமும் வராது, பார்க்கவும் அமுங்கிப் போவும். சுவரை ஒரடி ஏத்துங்க" என்றார். ஏற்றினோம். அப்படியும் நடு அறை இருட்டாகத்தான் இருந்தது. மூன்று கண்ணாடி ஓடு மாற்றிப் பதித்ததும் சரியாயிற்று.

நான் செய்த தப்பு, விளிம்பில் பாத்தி, அதாவது மழைத்தண்ணீரை வாங்கி விடும் காடி, வைக்காதது. எட்டடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர் தரையில் மோதித் தெறித்து, சுவரின் அடியை இரண்டே மழையில் செம்மண் நிறமாக்கிவிட்டது. மறு வருடம் பிவிசி பாத்தி மாட்டி, தண்ணீரைக் கிணற்றோரக் குழிக்கு விட்டோம். கீழே இரண்டடி அகலத்துக்குச் சல்லியும் பரப்பினோம்.

அப்புறம் ஒக்கி புயல். 2017 நவம்பர் 30. குமரி மாவட்டத்துக்காரர்கள் யாரும் அந்த நாளை மறக்க மாட்டார்கள். நீண்ட கூரைக்குக் காற்றுதான் எதிரி. விளிம்புக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும். ஒரு மூலையில் கீழ் வரிசை ஓடுகள் நாற்பதுக்கு மேல் பறந்தன. ஒரு கைமரம் உத்தரத்தை விட்டுக் கிளம்பி நின்றது. வீட்டுக்குள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரவு முழுக்க அந்த மரம் அடித்துக்கொண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு கைமரத்தையும் இரும்புப் பட்டையால் உத்தரத்தோடு இறுக்கிப் போல்ட் போட்டோம். உத்தரத்தைச் சுவருக்குள் இறங்கும் கம்பியோடு பிணைத்தோம். விளிம்பின் கடைசி மூன்று வரிசை ஓடுகளைக் கம்பியால் பட்டியலில் கட்டினோம். அதற்குப் பின் ஒரு ஓடு கூட அசையவில்லை. கட்டும்போதே செய்திருந்தால் செலவு மிகவும் குறைவு. கடலோர மாவட்டத்தில் கூரையை நீட்டுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பத்மநாபபுரம் அரண்மனை எங்களுக்குப் பக்கம்தான். நண்பகலில் அங்கே நடந்துபோனால், தாழ இறங்கிய அந்தக் கூரைகளுக்கு அடியில் வெளி வெயிலே தெரியாது. ஆவுடையார்கோயிலில் இதே எரவாணத்தைக் கைமரம், சட்டம் உட்படக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், கொடுங்கை என்பார்கள். இப்படியெல்லாம் கட்டிய ஊரில் நாம் எப்படி ஒன்றரை அடிக்கு வந்து சேர்ந்தோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

போன வருடம் அண்ணனும் இறங்கிவந்தார். கான்கிரீட் கூரையை இனி நீட்ட முடியாது என்பதால், தெற்கிலும் கிழக்கிலும் சுவரில் இரும்புத் தாங்கி பொருத்தி, மூன்றடிக்கு ஓட்டுச் சாய்ப்பு இறக்கினோம். சுவரும் சாய்ப்பும் சேரும் இடத்தில் ஒரு மழையில் கசிந்தது, தகரம் மடித்து அடைத்தோம். இந்த ஆனியில் அண்ணி சன்னலைச் சாத்தவில்லை. பெயின்ட் எப்படி நிற்கிறது என்பதை இன்னும் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.