கல்வி உதவிக்கு ஜமாஅத் நிதியா, பொது டிரஸ்ட்டா?

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகூட, ரிசல்ட் வந்த அடுத்த வாரமே அம்மாவுக்குப் பக்கத்தில் பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்துவிடும். 2022இல் மத்திய அரசு சிறுபான்மை மாணவர்களுக்கு 1 முதல் 8ஆம் வகுப்பு வரை கொடுத்துவந்த உதவித்தொகையை நிறுத்தியது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் அந்த வருடக் கடைசியில் நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டம் வந்து மாதம் 1,000 ரூபாய் கிடைத்தது பெரிய ஆறுதல்தான். ஆனால் நர்சிங் கல்லூரியின் ஹாஸ்டல் கட்டணத்துக்கு அது எட்டாது. அந்த இடைவெளியை அடைக்க எட்டுப் பேர் சேர்ந்தோம். பணம் திரட்டுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அதை எந்த வழியில் வைத்துக் கொடுப்பது என்பதில்தான் நான்கு மாதம் போனது.

எங்கள் முன் இருந்த முக்கியமான வழிகள் இரண்டு. பள்ளிவாசல் பைத்துல்மாலிலேயே, அதாவது ஜமாஅத்தின் பொது நிதியிலேயே, கல்விக்கு ஒரு தனிக் கணக்கு வைப்பது ஒன்று. பெண் பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒரு டிரஸ்ட் பதிவது இன்னொன்று. சங்கமாகப் பதியலாம் என்றும் சிலர் சொன்னார்கள். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். ஆனால் வருடாவருடம் பொதுக்குழு, நிர்வாகிகள் தேர்தல், மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கு என்று போகும். தேர்தல் என்றால் எங்கள் ஊரில் இரண்டு அணி உருவாகிவிடும், அதனால் வேண்டாம் என்று விட்டோம். லாப நோக்கில்லாத கம்பெனியாகப் பதியும் வழியில் எனக்கு அனுபவம் கிடையாது, அதனால் அதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லவில்லை.

ஜமாஅத் நிதியின் பெரிய பலம் வேகம். ஒரு பிள்ளைக்கு இரண்டு நாளில் கட்டணம் கட்டியாக வேண்டும் என்று வியாழக்கிழமை ராத்திரி தெரியவந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இமாம் பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் அறிவித்தார். மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்வதற்குள் பணம் சேர்ந்துவிட்டது. எந்த டிரஸ்ட்டாலும் இப்படி முடியாது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் காகிதமே இல்லை, நம்பிக்கை மட்டும்தான். அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கணக்கு ஒரு நோட்டில் இருக்கும். நிர்வாகம் மாறினால் முன்னுரிமையும் மாறும். வெளியூர்க்காரர் பணம் போடத் தயங்குவார். கம்பெனிகள் போடவே முடியாது.

சரி, டிரஸ்ட்டுக்கு வருகிறேன். நாங்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்தோம், இப்போதும் என் சாய்வு அந்தப் பக்கம்தான். பதிவுக் கட்டணம், பத்திர எழுத்தர் கூலி, பான் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு வாரத்து அலைச்சல். அதையெல்லாம் விட எங்களை நிறுத்தி வைத்தது பத்திரத்தின் மூன்றாவது பத்தி: பயனாளிகள் யார்?

பத்திர எழுத்தர் தட்டச்சு செய்து தந்த முதல் வரைவில் ‘முஸ்லிம் மாணவியரின் கல்வி முன்னேற்றத்துக்காக’ என்று இருந்தது. எங்களில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை, நாங்கள் சொன்னதைத்தான் அவர் எழுதியிருந்தார். பதிவுக்கு முந்தின நாள் ஆடிட்டரிடம் காட்டினோம். அவர் ‘முஸ்லிம்’ என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, “இதோடு பதிஞ்சீங்கன்னா 80ஜி கிடைக்காது, வரிவிலக்கும் கிடைக்காது” என்றார்.

விஷயம் இதுதான். வருமானவரிச் சட்டம் 1961இல் 13(1)(பி) என்று ஒரு பிரிவு உண்டு. அந்தச் சட்டம் வந்தபின் ஒரு குறிப்பிட்ட மதச் சமுதாயத்தின் அல்லது சாதியின் நன்மைக்கென்று தொடங்கிய அறக்கட்டளையின் வருமானத்துக்கு அதன்படி விலக்கு இல்லை. நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பிரிவிலும் இதே நிபந்தனை இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள்: பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான நிறுவனத்தை மதத்துக்கோ சாதிக்கோ ஆனதாகக் கொள்ளக் கூடாது. (2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு.) 2014இல் ரத்லாம் தாவூதி போரா ஜமாஅத் வழக்கில், அந்த அமைப்பின் நோக்கங்கள் அந்தச் சமுதாயத்துக்கு மட்டுமானவை அல்ல என்று கண்டு, 13(1)(பி) அதைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரில் ஜமாஅத் என்று இருப்பதால் பிரச்சினை இல்லை. பலன் யாருக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

80ஜி அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். தனிநபர் நன்கொடையைப் பொறுத்தவரை முன்பு இருந்த கவர்ச்சி குறைந்துவிட்டது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவே கிடையாது, சம்பளக்காரர்களில் நிறையப் பேர் அதில்தான் இருக்கிறார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பழைய முறையிலும் கிடையாது. ஆனால் கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் வேண்டுமானால், டிரஸ்ட் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ பதிவும் 80ஜி பதிவும் இல்லாமல் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. எங்கள் நிதியில் பாதியாவது அந்த வழியில் வர வேண்டும் என்று நினைத்தோம். ஒருமுறை பதிந்த பத்திரத்தின் நோக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு, நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருக்கும். அதனால் அந்த ஒரு சொல்லை அன்றைக்கே தீர்மானித்தாக வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி ஜமாஅத் பெரியவர் ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “நம்ம பிள்ளைகளுக்கே பத்தலையே தம்பி, ஊருக்கெல்லாம் எங்கேருந்து கொடுப்ப?” நியாயமான கேள்வி. நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியிருப்பது அவருக்கு வலி, எனக்கும்தான். அவருக்கு நான் சொன்ன பதில் எங்கள் தெருவில் இருந்தே வந்தது. பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்க நிற்கும் வரிசையில் பாத்திமாவும் நிற்பார், மேரியும் நிற்பார், மாரியம்மாவும் நிற்பார். கூலி மூவருக்கும் ஒன்றுதான். மேரியின் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த ஆதிதிராவிடர் குடும்பம். 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டும். அதனால் கவுன்சலிங்கில் மேரியின் மகள் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில்தான் நிற்கிறாள். மதத்தால் ஒரு கதவு அடைபட்ட பிள்ளைக்கு, நாமும் மதத்தைக் காட்டி இன்னொரு கதவை அடைப்பதா?

திருச்சியில் 1951இல் ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் தொடங்கிய கல்லூரி சிறுபான்மைக் கல்லூரிதான். அங்கே எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதையும் அவரிடம் சொன்னேன். பெரியவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தடுக்கவில்லை. முதல் வருடம் 17 பேருக்குக் கொடுத்தோம், அதில் 11 பேர் முஸ்லிம் பிள்ளைகள். அளவுகோலாக வைத்தது குடும்ப வருமானத்தையும் முதல் பட்டதாரியா என்பதையும்தான். எங்கள் வார்டில் யார் வீட்டில் கஷ்டம் அதிகமோ அங்கே அது தானாகப் போய்ச் சேர்ந்தது.

டிரஸ்ட்டின் பராமரிப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வருமானவரித் துறையில் முதலில் கிடைத்தது 3 வருடத்துக்கான தற்காலிகப் பதிவு. அதற்குள் வேலையைக் காட்டி முறையான பதிவு வாங்க வேண்டும். வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவிட வேண்டும், தணிக்கை வேண்டும். நன்கொடையாளர் ஒவ்வொருவரின் பான் எண்ணோடும் நன்கொடை விவரம் சொல்லும் 10பிடி படிவத்தை மே 31க்குள் ஏற்ற வேண்டும். முதல் ஆண்டு நாலு பேரின் பான் எண் வராமல் 9 நாள் தாமதமாகி, நாளுக்கு 200 வீதம் 1,800 ரூபாய் கட்டினோம். அது ஒரு பிள்ளையின் இரண்டு மாத பஸ் செலவு. கணக்கு பார்க்கத் தெரிந்த, நேரம் உள்ள ஒருவர் இல்லாவிட்டால் டிரஸ்ட்டைத் தொடங்காதீர்கள், ஜமாஅத் நிதியே மேல். எங்களுக்கு ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் அமைந்தார்.

இன்னொன்று, ஜகாத் என்னும் கட்டாய தர்மம். அது முஸ்லிம் ஏழைகளுக்கே போக வேண்டும் என்பது எங்கள் ஊர் மார்க்க அறிஞர் ஹஜ்ரத்தின் தீர்ப்பு. அதனால் ஜகாத் பணம் டிரஸ்ட்டுக்குள் வராது, பைத்துல்மாலிலேயே இருக்கிறது. விருப்ப தர்மமான சதக்காவுக்கு அந்தக் கட்டு இல்லை, அது இங்கே வரும். ரமலானில் மேசையில் இரண்டு ரசீது புத்தகம் வைக்கிறோம்: பச்சை பைத்துல்மாலுக்கு, வெள்ளை டிரஸ்ட்டுக்கு. அவசரத்துக்குப் பச்சை கைகொடுக்கிறது, நாலு வருடப் படிப்பை வெள்ளை தாங்குகிறது. ஆக ஜமாஅத் நிதியை நாங்கள் கைவிடவில்லை.

எங்கள் பத்திரத்தின் மூன்றாவது பத்தி இப்போது இப்படி இருக்கிறது: ‘சாதி, மத வேறுபாடின்றி, பொருளாதாரத்தில் பின்தங்கிய குடும்பங்களைச் சேர்ந்த பெண் பிள்ளைகளின் கல்விக்காக.’ தேவைப்பட்டால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆடிட்டரிடம் மட்டும் பதிவுக்கு முந்தின நாள் வரை காத்திருக்காமல் முதலிலேயே காட்டிவிடுங்கள்.