மெயினை நிறுத்த மூன்று வழிகள்: நான் ஏன் ஐசோலேட்டர் பக்கம்

ஒரு வீட்டின் பழைய டிபி பெட்டியை (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் சுவிட்ச் பெட்டி) மாற்றும் வேலை கைக்கு வந்தபோதுதான் இதை உட்கார்ந்து யோசித்தேன். டிபியில் உள்ள மெயின் சுவிட்சை அணைத்தாலும், அந்தச் சுவிட்சுக்குள் வரும் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்தச் சுவிட்சையே கழற்ற வேண்டுமென்றால், அதற்கு முன்னால் எங்காவது நிறுத்தியாக வேண்டும்.

முதல் வழி, மீட்டருக்கு முன்னால் இருக்கும் சர்வீஸ் ஃபியூஸைப் பிடுங்குவது. அஞ்சு நிமிஷ வேலை என்பதால் பலர் செய்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலான இடங்களில் அந்த ஃபியூஸும் அதன் சீலும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு. வயரிங் செய்யும் உரிமம் இருப்பதாலேயே சீலை உடைக்கும் அனுமதி கிடைத்துவிடாது. லோடு ஓடும்போது பிடுங்கினால் ஆர்க், அதாவது பெரிய தீப்பொறி, அடிக்கும். பழைய ஃபியூஸ் கட்டை கையிலேயே நொறுங்கவும் வாய்ப்புண்டு.

இரண்டாவது வழி, அந்த நிறுவனத்தையே கூப்பிடுவது. சட்டப்படி சுத்தமானது. நாள் குறித்துக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, நான் தேர்ந்தெடுத்தது: மீட்டருக்கும் டிபிக்கும் நடுவே பூட்டுப் போடக்கூடிய இரட்டை முனை ஐசோலேட்டர், அதாவது பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் சுவிட்ச். அதைப் பொருத்த ஒரு முறை நிறுவனம் வந்து சப்ளையை நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் பிறகு டிபியில் மெயின் சுவிட்ச் சூடேறினாலும், சோலாருக்காக ஒயரை மாற்ற வேண்டி வந்தாலும், யாருக்கும் காத்திருக்க வேண்டாம். என் முடிவைத் தீர்மானித்தது இந்த வசதியைவிடப் பூட்டுதான். அணைத்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டால், நான் டிபிக்குள் கை வைத்திருக்கும்போது வீட்டில் யாரோ "கரண்ட் ஏன் இல்லை?" என்று போய் ஏற்றிவிட முடியாது. ஃபியூஸைப் பிடுங்கி ஓரமாக வைத்தால் இந்த உறுதி கிடைக்காது. நடுவழியில் யார் வேண்டுமானாலும் திரும்பச் செருகலாம்.

வாங்கும்போது பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிப்பதா, இவ்வகைச் சுவிட்சுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60947-3-க்கு உட்பட்டதா, லோடோடு அணைக்கத் தகுந்ததா என்று பாருங்கள். ஆம்பியர் அளவு சர்வீஸ் ஃபியூஸின் அளவுக்குக் குறையக் கூடாது. ஐசோலேட்டர் துண்டிக்க மட்டுமே. ஷார்ட் ஆனால் தானாக விழாது, ஃபியூஸும் எம்சிபியும் (லோடு மிஞ்சினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக விழும் சுவிட்ச்) செய்யும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். அதன் உள்வரும் முனைகளிலும் எப்போதும் மின்சாரம் உண்டு. மூடியைக் கழற்ற வேண்டாம்.

எந்த வழியானாலும் சோதனை ஒன்றுதான். இரு முனை டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு நிறுத்திய இடத்தில் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பார்த்துவிட்டு, டெஸ்டரை மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் சரிபார்க்க வேண்டும். நடுவில் டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் கடைசிச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். நியான் விளக்கு வைத்த ஸ்க்ரூடிரைவரை இதற்கு நம்பக் கூடாது, வெயிலில் அது எரிவதே கண்ணுக்குத் தெரியாது. அப்புறம், பேட்டரி இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இருந்தால் அதைத் தனியே நிறுத்திப் பூட்டுங்கள். மெயின் செத்த பிறகும் அது பின்பக்கமாக மின்சாரத்தை ஏற்றலாம்.

இதெல்லாம் ஒற்றை பேஸ் வீடுகளில் நான் செய்து பார்த்தது. மூன்று பேஸில் என் அனுபவம் குறைவு. அங்கே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து ஐந்து ஒயர்களுக்கு இடையே 10 ஜோடிகளைச் சோதிக்க வேண்டும். பெரிய மோட்டார் லோடு உள்ள இடமென்றால், நிறுவனத்தின் ஆளையே வரவழைத்து வேலையைத் தொடங்குவேன்.