கோஹா அப்கிரேடும் ஸ்ரீ என்ற எழுத்தும்

எங்கள் கல்லூரி நூலகத்தில் பல வருடங்களாக கோஹாதான். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு, 2000 தொடக்கத்தில் ஓட ஆரம்பித்த நூலக மேலாண்மை மென்பொருள் இது. காசு கொடுக்க வேண்டாம் என்பதால் வைத்தோம். ஆனால் வருடாவருடம் அப்கிரேட் செய்கிற உழைப்பு இலவசமில்லை.

மே மாதமும் நவம்பரும் புதுப் பதிப்பு வரும். 22.11 என்றால் 2022 நவம்பர். நடுவில் மாதத் திருத்தங்கள் வரும். புதுப் பதிப்பை வந்த வாரமே ஏற்றுவது வீண் வீரம். இரண்டு மூன்று திருத்தங்கள் சேரட்டும். அதற்குள் நேற்றைய பேக்கப்பை இன்னொரு கணினியில் ஏற்றி, அதில் அப்கிரேட் செய்து, ஆட்களை உட்கார வைத்துச் சோதிக்கலாம்.

முதல் ஆள் கவுன்டர் அக்கா. அவர் திரையையே பார்ப்பதில்லை. ஆல்ட்-யு அழுத்தினால் புத்தகம் வழங்கல், ஆல்ட்-ஆர் அழுத்தினால் திரும்பப் பெறல், ஸ்கேனர் பீப், அடுத்த ஆள். 22.11-இல் பணியாளர் பக்கத்தின் தோற்றமே மாறியது. அவருக்கு அது பொருட்டே இல்லை. நாங்கள் ஜேக்வெரி நிரல் எழுதிச் சொந்தமாகச் சேர்த்திருந்த ஒரு பட்டன் காணாமல் போனதை மட்டும் உடனே பிடித்துவிட்டார். சொந்த ஒட்டுவேலை எவ்வளவு குறைவோ, அப்கிரேட் அவ்வளவு நிம்மதி.

மாணவர்களிடம் எங்கே சொடுக்க வேண்டும் என்று சொல்வதில்லை. 'இந்தப் புத்தகம் இருக்கா பார்' என்று அட்டையைக் காட்டிவிட்டுப் பின்னால் நிற்பேன். பாதிப் பேர் தமிழ்த் தலைப்பையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள். அதற்காகவே மார்க் (நூல் விவரங்களைப் பதியும் வடிவம்) பதிவில் மாற்றுத் தலைப்புக்கான 246 புலத்தில் ஆங்கில எழுத்து வடிவத்தையும் சேர்க்க ஆரம்பித்தோம். 'தமிழ்' என்று தேடினால் 'தமிழ்ச்' என்றிருப்பதும் கிடைக்கும். சொல்லின் வாலைத் தானாக நீட்டித் தேடும் அமைப்பு உண்டு. ஒற்றோடு தேடினால் ஒற்றில்லாதது வராது. புணர்ச்சி இலக்கணம் கோஹாவின் தேடுபொறியான ஜீப்ராவுக்குத் தெரியாதே!

ஆளைத் தவிக்கவிட்டது ஸ்ரீ. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீயும் ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீயும் திரையில் பெரும்பாலும் ஒரே மாதிரி தெரியும், உள்ளே குறியீடு வேறு. பதிவில் ஒன்று இருந்து, மாணவர் போனில் இன்னொன்று வந்தால், அலமாரியில் இருக்கிற புத்தகம் ஓபேக்கில், அதாவது வாசகர் தேடும் பட்டியலில், இருக்காது. எந்த அப்கிரேடும் இதைச் சரிசெய்யப் போவதில்லை. தலைப்புக்கு 246-இல் இரண்டு வடிவத்தையும் போட்டோம். ஆசிரியர் பெயருக்கு, பெயரின் வடிவங்களைச் சேர்த்து வைக்கும் அதிகாரப் பதிவின் 400 புலத்தில்.

இன்னொன்று. ஜீப்ரா தமிழை ஒழுங்காகப் பிரித்துத் தேட ஐசியு என்ற யூனிகோட் முறைக்கு மாற்றியிருக்கிறோம். டெபியன் லினக்ஸில் அப்கிரேட் நடக்கும்போது, 'நீங்கள் மாற்றிய கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா' என்று கேட்கும். அவசரத்தில் புதியது என்றால் அந்த மாற்றம் போச்சு. சர்வர் ஒரு பிழையும் காட்டாது, தமிழ்த் தேடல் மட்டும் தடுமாறும். அதனால் அப்கிரேட் முடிந்ததும் முதல் வேலை, ஒரு தமிழ்த் தலைப்பைத் தேடிப் பார்ப்பது. கவுன்டர் சோதனை அப்புறம்தான்.

கோஹா சமூகம் சாண்ட்பாக்ஸ் என்ற சோதனைத் தளம் வைத்திருக்கிறது. நிரல் எழுதத் தெரியாத நூலகரும் பிரவுசரிலேயே ஒரு திருத்தத்தைச் சோதித்து ஒப்புதல் தரலாம். தரப் பரிசோதனை அதற்கு அடுத்த கட்டம். தமிழ்த் தரவோடு சோதிக்கிற நூலகர்கள் கூடுதலாக அங்கே போனால் நமக்குத்தான் லாபம்.

ஜீப்ராவை விட்டு எலாஸ்டிக்சர்ச் என்ற வேறு தேடுபொறிக்கு மாறலாமா என்ற பேச்சும் இருக்கிறது. அதற்கு இன்னும் நினைவகம் வேண்டும், எங்கள் சர்வரோ பழசு. இப்போதைக்கு ஜீப்ராவே.